நபாத்தியரின் வளமைத் தெய்வங்களும் கோயில் சடங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இளஞ்சிவப்புப் பாறையில் குடைந்த அந்த ஒற்றை முகப்புதான். அதைக் குடைந்த மக்கள் யாரைக் கும்பிட்டார்கள், என்ன வேண்டிக்கொண்டார்கள், படையலில் என்ன வைத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். கிர்பத் தன்னூர் பற்றிய கேள்விக்கு அது போதாது. அங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நபாத்தியர் என்பவர்கள் யார்?

இன்றைய ஜோர்டானின் தென்பகுதியை மையமாக வைத்து வாழ்ந்த அரபு மக்கள். தலைநகர் பெட்ரா, அவர்கள் அதை அழைத்த பெயர் ரக்மு. தென் அரேபியாவில் விளைந்த குந்திரிக்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் ஒட்டகங்களில் ஏற்றி மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குக் கொண்டுபோய்ச் செல்வம் சேர்த்தார்கள். கல்வெட்டுகளை அரமேய மொழியில் வெட்டினார்கள். கி.பி. 106இல் ரோமப் பேரரசர் டிராஜன் அவர்களுடைய அரசைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்டார்.

தமிழ் விவிலியம் படித்தவர்கள் நபாத்திய மன்னர் ஒருவரை ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். தமஸ்கு பட்டணத்தில் பவுலைப் பிடிக்கப் பார்த்தது அரேத்தா ராஜாவின் அதிகாரி என்று இரண்டாம் கொரிந்தியர் சொல்கிறதே, அந்த அரேத்தாதான். கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் அரேத்தா. "தன் மக்களை நேசிப்பவர்" என்பது அவருடைய பட்டப்பெயர்.

பாலைவனத்து ஒட்டக வணிகர்களுக்கு வளமைத் தெய்வம் எதற்கு?

இந்தப் பக்கத்தை எழுத எனக்கு ஆசை வந்ததே இந்தக் கேள்வியால்தான்.

கி.மு. 312 வாக்கில் நபாத்தியர் எப்படி வாழ்ந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதி வைத்திருக்கிறார். தானியம் விதைக்கக் கூடாது, பழமரம் நடக்கூடாது, திராட்சை மது குடிக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். மீறினால் மரண தண்டனை. காரணமும் சொல்கிறார்: நிலமும் வீடும் உள்ளவனைப் பலசாலிகள் எளிதாக அடக்கிவிடலாம்; கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பாலைவனத்துக்குள் போகிறவனை யாரால் பிடிக்க முடியும்?

சுமார் 400 ஆண்டுகள் கழித்துப் பாருங்கள். அதே மக்கள் ஒரு மலையுச்சியில் கோயில் கட்டி, கோதுமைக் கதிர்களுக்கு நடுவே ஒரு பெண் முகத்தைச் செதுக்கி, தானியத்தை நெருப்பிலிட்டுக் கும்பிடுகிறார்கள். விதைத்தவனுக்குச் சாவு என்று இருந்த இடத்தில் விதைப்பே வழிபாடாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் ஊர்களில் குடியேறினார்கள், சரிவுகளில் படிப்படியாக வயல் கட்டினார்கள், அணையும் தொட்டியும் கால்வாயும் வெட்டினார்கள். பெட்ராவில் ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழைதான். அந்த மழையும் ஒரேயடியாகக் கொட்டி வெள்ளமாக ஓடிவிடும். ஒரு வருடம் தவறினால் களஞ்சியம் காலி. அப்படிப்பட்ட மண்ணில் விதை போடுகிறவனுக்கு மழையைத் தரும் தெய்வத்தைவிட முக்கியமானவர் யார்?

ஆகவே நபாத்தியர் விஷயத்தில் "வளமை" என்றால் பிள்ளைப்பேறு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர், தானியம், பழம், மந்தை, பிள்ளை எல்லாம் அதில் சேர்த்தி. தண்ணீர்தான் முதலில்.

துஷாரா யார்? அவர் வளமைத் தெய்வமா?

நபாத்தியரின் தலைமைத் தெய்வம், அரச குடும்பத்தின் தெய்வம். "ஷராவுக்கு உரியவர்" என்பது பெயரின் பொருள். ஷரா என்பது பெட்ராவை ஒட்டிய மலைத்தொடர். பெட்ராவை ஒட்டிய வாதி மூசா என்ற ஊரின் பழைய பெயர் காயா. அதனால் கல்வெட்டுகளில் அவர் "காயாவின் தெய்வம்" என்றும் வருகிறார். அங்கே இருக்கும் ஊற்றுதான் பெட்ராவுக்கே தண்ணீர் கொடுத்தது.

கிரேக்கர் அவரைச் சில இடங்களில் சியூஸ் என்றார்கள், சில இடங்களில் டயோனிசஸ் என்றார்கள். முதலாவது மலையும் இடியும் மழையும் ஆளும் கடவுள். இரண்டாவது திராட்சையும் செடிகொடியும் தழைக்கச் செய்யும் கடவுள். இரண்டு ஒப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தால் துஷாரா மழையும் விளைச்சலும் தருபவர் என்ற பக்கம் தெரியும். ஆனால் அவரை "வளமைக் கடவுள்" என்று ஒரே பெட்டிக்குள் அடைப்பது தவறு. கல்லறையைக் காப்பது, ஒப்பந்தம் மீறியவனைச் சபிப்பது, அரசனைத் தாங்குவது எல்லாமே அவர் வேலைதான்.

லாத், உஸ்ஸா, மனாத் மூவரும் நபாத்தியத் தெய்வங்களா?

குர்ஆனின் 53ஆம் அத்தியாயத்தில் வரும் அதே மூன்று பெயர்கள்தான். இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நபாத்தியக் கல்வெட்டுகளில் இவர்கள் இருக்கிறார்கள்.

லாத் மிகப் பழையவள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அரேபியரின் பெண் தெய்வத்தை "அலிலாத்" என்று குறிப்பிடுகிறார். வாதி ரம் பள்ளத்தாக்கில், செங்குத்தான மலையின் அடிவாரத்தில் அவளுக்கு ஒரு கோயில் உண்டு. மலைச்சரிவில் மேலே ஐன் ஷல்லாலே என்ற ஊற்று. ஊற்றுக்குப் பக்கத்துப் பாறையில் தெய்வக் கற்களைச் செதுக்கி, பக்தர்கள் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சுரக்கும் இடமே சந்நிதி.

உஸ்ஸா என்றால் "வலிமை மிக்கவள்". கிரேக்கர் அவளை அப்ரோடைட்டியோடு ஒப்பிட்டார்கள். வெள்ளி நட்சத்திரமும் அவளுடையது. பெட்ராவில் பெண் தெய்வங்களில் முதலிடம் அவளுக்கு என்றே பலரும் கருதுகிறார்கள்.

மனாத் பங்கையும் விதியையும் அளப்பவள். விளைச்சலைவிடக் கல்லறைச் சாபங்களில்தான் அவளை அதிகம் பார்க்கலாம்.

இவர்களோடு வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. எகிப்திலிருந்து ஐசிஸ் வந்தாள். பெட்ராவின் புகழ்பெற்ற கஸ்னே முகப்பின் மேல்தளத்தில், நடுவில் வளமைக் கொம்பைக் கையில் ஏந்தி நிற்கும் பெண்ணுருவை ஐசிஸ் என்று கொள்கிறார்கள். அதற்குக் கீழே முக்கோண முகட்டின் உச்சியில் அவளுடைய சின்னம் தெளிவாக இருக்கிறது: இரண்டு கொம்புகளுக்கு நடுவே சூரிய வட்டம், பக்கத்தில் கோதுமைக் கதிர்கள். அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால் தூண்களை விட்டுவிட்டு அதைத் தேடிப் பாருங்கள். சிரியாவின் மன்பிஜ் நகரத்திலிருந்து அட்டர்காட்டிஸ் வந்தாள். அவள் மீனும் சிங்கமும் உடைய தாய்த் தெய்வம்.

சிலையே வைக்காமல் வெறும் கல்லைத்தான் வணங்கினார்களா?

பெரும்பாலும் ஆம். செவ்வகமாக நட்டு வைத்த கல்தான் அவர்களுடைய தெய்வ வடிவம். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் வேர்ச்சொல்லுக்கே "நட்டு நிறுத்துதல்" என்றுதான் பொருள். இன்னொரு சொல்லும் உண்டு: "மஸ்கிதா", அதாவது தலை தாழ்த்தி வணங்குமிடம். மஸ்ஜித் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

துஷாராவின் கல்லைப் பற்றி பைசாந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்று விவரமாகச் சொல்கிறது: கறுப்புக் கல், சதுரமானது, உளி படாதது, 4 அடி உயரம், 2 அடி அகலம், பொன் பீடத்தின் மேல் நிற்கிறது, பலியின் இரத்தத்தை அதன் மேல் ஊற்றுவார்கள். இந்தக் களஞ்சியம் எழுதப்பட்டது 10ஆம் நூற்றாண்டில். நபாத்தியர் மறைந்து வெகு காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் போஸ்ட்ரா நகர நாணயங்களில் படிகள் வைத்த மேடையும் அதன் மேல் கல்லும் தெரிகின்றன. இன்றைய சவூதியில் இருக்கும் ஹெக்ரா என்ற நபாத்திய நகரத்தின் கல்லறை எழுத்துகளில் "துஷாராவும் அவருடைய இருக்கையும்" என்று அந்தப் பீடத்தையே ஒரு தெய்வம்போலச் சேர்த்து அழைக்கிறார்கள்.

அப்புறம் கண் வைத்த கற்கள். முழுக்க வெறுமையான கல். அதில் இரண்டு கண்கள், நடுவே கோடாக ஒரு மூக்கு, அவ்வளவுதான். பெட்ராவின் வாதி சியாகில் உள்ள இப்படிப்பட்ட ஒரு கல்லில் "மன்பிஜின் அட்டர்காட்டிஸ்" என்று எழுதியிருக்கிறது. சிரியாவில் அவள் உருவச்சிலையாக அமர்ந்திருந்தவள். பெட்ராவுக்கு வந்ததும் நபாத்தியர் அவளைத் தங்கள் வழக்கப்படி கல்லாக்கி, கண் மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றில் மிக அழகானது பெட்ராவின் சிறகுச் சிங்கக் கோயிலில் கிடைத்த சிறு கல். ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். இலை வடிவில் இரண்டு கண்கள், நேரான மூக்கு, லேசாகத் தடித்த உதடுகள். நெற்றிக்கு மேலே மாலை, அதன் நடுவில் ஒரு குழி. ஏதோ ஒரு மணிக்கல் பதித்திருந்த இடம். கீழே எழுத்து: "நய்பத் மகன் ஹய்யானின் இறைவி." அவள் பெயரைச் சொல்லாமல், நேர்ந்துகொண்டவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். என் சாமி, எங்கள் வீட்டு அம்மன் என்று சொல்வோமே, அந்த உறவுதான் அந்த வரியில் இருக்கிறது.

கிர்பத் தன்னூர் என்ற பெயர் ஏன் எல்லா இடத்திலும் வருகிறது?

நபாத்தியர் விளைச்சலுக்காக எப்படி வழிபட்டார்கள் என்பதை நேருக்கு நேர் பார்க்க உதவும் இடம் அது. பெட்ராவுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டர். வாதி ஹஸா என்ற பெரும் பள்ளத்தாக்கின் நடுவில் தனியாக நிற்கும் மலை, அதன் உச்சியில் கோயில். பெயருக்கு "அடுப்பின் இடிபாடு" என்று பொருள். நம் உணவகங்களில் சொல்லும் தந்தூரும் இந்தத் தன்னூரும் ஒரே சொல்தான்.

உச்சியில் ஊர் கிடையாது, வீடு கிடையாது. யாராவது அங்கே போயிருந்தால் கும்பிடுவதற்காகத்தான் மலையேறிப் போயிருக்க வேண்டும். 1937இல் நெல்சன் குளூக் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அதைத் தோண்டினார். அவர் அன்றைக்கு எடுத்து வைத்த குறிப்புகளையும் பொருள்களையும் ஜூடித் மெக்கென்சி தலைமையிலான குழு மறுபடி ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது.

கிழக்கு நோக்கிய கோயில். முன்னால் கல் பாவிய முற்றம், இருபுறமும் தூண் வரிசை, பக்கத்தில் விருந்து அறைகள். உள்ளே இன்னொரு சுற்று, அதன் நடுவில் சதுரப் பலிமேடை. மேடையின் மேலே ஏறப் படிக்கட்டு. இன்று அருங்காட்சியகத்தில் பார்க்கும் அழகான சிற்பங்களில் பெரும்பாலானவை கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. அதாவது நபாத்திய அரசு போய் ரோமர் ஆட்சி வந்த பிறகும் மலையில் சாமி கும்பிடுவது நிற்கவில்லை. முன்பைவிடப் பெரிதாகத்தான் நடந்திருக்கிறது.

உள்சுற்றின் வாசலுக்கு மேலே அரைவட்டச் சிற்பம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு பெண்ணின் மார்பளவு உருவம். கன்னத்தில் இலை படர்ந்திருக்கிறது. நெற்றியில் இலை, கழுத்தில் இலை, மார்பெல்லாம் இலை. அணிந்துகொண்ட இலை மாதிரி தெரியாது. தோலிலிருந்தே முளைத்து வருவதுபோல் இருக்கும். சுற்றிலும் கொடியும் பழமும். உச்சியில் சிறகு விரித்த கழுகு. மழை பெய்த பத்து நாளில் வறண்ட சரிவில் பச்சை ஊர்ந்து ஏறுமே, அதை ஒரு முகத்தில் காட்ட வேண்டும் என்றால் வேறு எப்படிச் செதுக்குவது? உலகத்துக் கோயில் சிற்பங்களில் எனக்கு மறக்க முடியாத முகங்களில் இது ஒன்று.

அவளுடைய வேறு வடிவங்களும் அங்கே கிடைத்தன. ஒன்றில் பின்னணி முழுவதும் கோதுமைக் கதிர்கள். இன்னொன்றில் தலைமேல் இரண்டு டால்பின்கள். சந்நிதியில் ஆண் தெய்வம் கையில் இடியேந்தி, இருபுறமும் காளைக் கன்றுகளோடு அமர்ந்திருக்கிறார். இடியும் காளையும் சேர்ந்தால் மழைக் கடவுள் என்று அந்தப் பக்கத்து மக்கள் அனைவருக்கும் புரியும். அவர் பக்கத்தில் துணைவி இருந்திருக்கிறாள். அவளுடைய சிங்கத்தின் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அங்கே கிடைத்த ராசி வட்டத்தில் என்ன விசேஷம்?

பன்னிரண்டு ராசிகளும் வரிசை மாறாமல் ஒரே பக்கமாகச் சுற்றி வருவதுதான் எங்கும் வழக்கம். தன்னூரில் அப்படி இல்லை. மேஷத்தில் தொடங்கும் ஆறு ராசிகள் உச்சியிலிருந்து ஒரு பக்கமாக இறங்குகின்றன. துலாத்தில் தொடங்கும் ஆறு ராசிகள் அதே உச்சியிலிருந்து மறுபக்கமாக இறங்குகின்றன. வட்டத்தின் நடுவில் நகரத்தின் நற்பேற்றுத் தேவி. அதைச் சிறகுடைய வெற்றித்தேவி ஒருத்தி தலைக்கு மேல் தாங்கி நிற்கிறாள்.

மேஷம் வசந்தத்தின் தொடக்கம், துலாம் இலையுதிர் காலத்தின் தொடக்கம். ஆண்டுக்கு இரண்டு புத்தாண்டு, இரண்டு திருவிழா என்று குளூக் விளக்கினார். அந்த மண்ணின் விவசாயத்தைப் பார்த்தால் இது நன்றாகவே பொருந்துகிறது. இலையுதிர் காலத்தில் முதல் மழை விழுந்ததும் விதைப்பு; வசந்தத்தில் அறுவடை தொடங்கும். சிற்பி வானத்தை இரண்டாகப் பிரித்தபோது அவன் மனசில் வயல்தான் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

இலை முகத்தாளின் பெயர் என்ன?

அட்டர்காட்டிஸ் என்றார் குளூக். இன்று பலர் "தாவரத் தேவி" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தன்னூரில் கிடைத்த எழுத்துகளில் அவள் பெயர் எங்கும் இல்லை. எழுத்தில் இருக்கும் ஒரே தெய்வப் பெயர் கோஸ். கோஸ்மலிக் என்பவர் "ஹுராவாவின் தெய்வமான கோஸுக்கு" ஒரு கல்லை நட்டு எழுதி வைத்தார். கோஸ் நபாத்தியருக்கு முன்பு அதே மண்ணில் வாழ்ந்த ஏதோமியரின் தெய்வம். ஆட்கள் மாறினாலும் மலையின் சாமி அங்கேயே இருந்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், பெயரைத் தேடி அடித்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. தெற்கிலிருந்து வந்த ஒட்டகக்காரனுக்கு அவள் உஸ்ஸாவாகத் தெரிந்திருப்பாள், சிரியாக்காரனுக்கு அட்டர்காட்டிஸாக, பக்கத்து ஊர் உழவனுக்கு வெறும் "மலை அம்மா"வாக.

கடலே இல்லாத மலையில் டால்பின் எதற்கு?

கடல் வழியே சரக்கு போவதால் பயணக் காவலுக்கு என்று குளூக் நினைத்தார். நீரின் அடையாளம், நீரைத் தரும் தேவியின் அடையாளம் என்ற விளக்கமும் உண்டு. மன்பிஜில் அட்டர்காட்டிஸ் கோயிலில் புனித மீன் வளர்த்த குளம் இருந்தது. அந்த நினைவும் இதில் இருக்கலாம். எனக்கு நீர் விளக்கமே சரியாகப் படுகிறது.

கோயிலுக்குப் போன பக்தர் உண்மையில் என்ன செய்தார்?

சிற்பத்தைவிட இதற்குச் சாம்பல்தான் நல்ல சாட்சி. தன்னூர் முற்றத்தில், தரைக்கல்லுக்கு நடுவே பதித்த படையல் குழிகளைக் குளூக் கண்டார். உள்ளே கருகிய தானியமும் எரிந்த எலும்பும். 1930களில் பலர் குப்பை என்று கொட்டியிருப்பார்கள், அவர் பத்திரப்படுத்தினார். அதனால்தான் பல பத்தாண்டுகள் கழித்து அவற்றை ஆராய முடிந்தது: கோதுமை, வெள்ளாடு, செம்மறியாடு, மாடு.

இதை வைத்து ஒரு நாளைக் கற்பனை செய்து பார்க்கலாம். அடிவாரத்திலிருந்து ஆட்டை இழுத்துக்கொண்டு செங்குத்துப் பாதையில் ஏறுவார்கள். முற்றத்தில் குந்திரிக்கம் புகையும். சிறு தூபக்கல் ஒன்றில் "அலெக்சாண்ட்ரோஸ் அம்ரு" என்று கிரேக்க எழுத்தில் பெயர் இருக்கிறது. முன்பாதி கிரேக்கப் பெயர், பின்பாதி அரபுப் பெயர். பலி, அதில் தெய்வத்தின் பங்கு நெருப்புக்கு. மிச்சம் விருந்து அறைக்குப் போகும்.

அந்த அறைகளில் மூன்று சுவரை ஒட்டியும் திண்ணை இருக்கும். திண்ணையில் சாய்ந்துகொண்டு சேர்ந்து சாப்பிடுவார்கள். பெட்ராவில் மட்டும் பாறையில் குடைந்த இப்படிப்பட்ட அறைகள் 100க்கு மேல் உண்டு. 13 பேர் ஒரு பந்தி, பந்திக்கு இரண்டு பாடகிகள் என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. மன்னர் தரும் விருந்தில் யாரும் 11 கிண்ணத்துக்கு மேல் குடிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் வேறு பொற்கிண்ணம் என்றும் எழுதுகிறார். வீட்டுக் கூரையில் பலிமேடை கட்டி, தினமும் சூரியனுக்கு நீர்மப் படையல் ஊற்றி, குந்திரிக்கம் எரிப்பார்கள் என்பதும் அவர் தரும் செய்திதான். பெட்ராவில் தங்கியிருந்த தன் நண்பர் அதெனோடோரஸிடமிருந்து அவர் கேட்டவை இவற்றில் உண்டு.

பெட்ராவின் மத்பா மலையுச்சியில் திறந்தவெளிப் பலியிடம் இருக்கிறது. ஏறும் வழியில் 6 மீட்டருக்கு மேல் உயரமான இரண்டு கல்தூண்கள். அவற்றைக் கொண்டுவந்து நட்டதாக நினைத்துவிடாதீர்கள். சுற்றியிருந்த மலையுச்சி முழுவதையும் வெட்டி அகற்றிவிட்டு அந்த இரண்டையும் மட்டும் நிற்க விட்டிருக்கிறார்கள்.

பூசாரிகளுக்கு என்ன பங்கு?

பெட்ராவின் சிறகுச் சிங்கக் கோயிலில் கிடைத்த கல்வெட்டுத் துண்டு ஒன்று இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆப் மாதம் 4ஆம் நாள், அரேத்தாவின் 37ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 27-28 வாக்கில். பொன், வெள்ளி, காணிக்கை ஆகியவை வந்தால் பூசாரிகளுக்குச் சேர வேண்டியது எது என்ற விதிமுறை அது. பிலிப் ஹாம்மண்ட் 1974இல் அங்கே தோண்டத் தொடங்கினார். கோயிலை ஒட்டி ஓவியர்களின் பட்டறையும் பளிங்கு வேலை செய்யும் பட்டறையும் இருந்தன. தூணின் மேற்பகுதியில் சிறகுடைய சிங்கங்கள் இருந்ததால் இந்தப் பெயர். சிங்கம் தேவியின் விலங்கு என்பதால், இது உஸ்ஸாவின் கோயில் என்று கருதுபவர்கள் அதிகம்.

மதுவுக்கும் வழிபாட்டுக்கும் என்ன தொடர்பு?

மது தொட்டால் மரணம் என்று சட்டம் வைத்திருந்தவர்கள் பின்னாளில் திராட்சை பயிரிட்டார்கள். பெட்ராவுக்கு வடக்கே பைதாவில் பாறையில் வெட்டிய திராட்சை மிதி தொட்டிகள் நிறைய உண்டு. பக்கத்திலேயே, "சின்னப் பெட்ரா" என்கிற இடத்தில் உள்ள விருந்து மண்டபத்தின் கூரை ஓவியத்தில் திராட்சைக் கொடி, பறவைகள், குழல் ஊதும் சிறகுச் சிறுவன். பல நூற்றாண்டுப் புகைக்கரியைச் சுத்தம் செய்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது.

ஆனால் பழைய கட்டுப்பாடு முழுக்கச் சாகவில்லை. கி.பி. 132இல் பல்மைரா நகரில் நபாத்தியக் குதிரைவீரர் ஒருவர் ஷய் அல்கவ்ம் என்ற தெய்வத்துக்குப் பலிமேடை வைத்தார். அந்தத் தெய்வத்துக்கு அவர் தரும் அடைமொழி: "மது அருந்தாதவர்". ஒரே மக்களிடம் திராட்சைக் கடவுளும் மது தொடாத கடவுளும் இருந்தார்கள்.

தண்ணீரையே தெய்வமாக வணங்கினார்களா?

தண்ணீர் வரும் இடத்தைத் தெய்வம் தங்கும் இடமாக வைத்தார்கள் என்பேன். பெட்ராவுக்குள் நுழையும் சீக் என்ற குறுகிய பாறை வழியில் இரு சுவரிலும் வாய்க்கால் ஓடுகிறது. அதே சுவர்களில் வரிசையாகத் தெய்வ மாடங்கள். பலியிடத்துக்கு ஏறும் பாதையில் பாறையிலேயே செதுக்கிய 4 மீட்டருக்கும் நீளமான சிங்கம். மேலிருந்து வந்த கால்வாய் நீர் அதன் வாய் வழியாகக் கொட்டும். வெயிலில் மலையேறுகிறவருக்கு அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தன்னூரிலும் இதற்கு எழுத்துச் சான்று உண்டு. கி.மு. 8-7இல் ஜைதெல் மகன் நதிரெல் என்பவர், அரேத்தா மன்னரும் அரசி ஹுல்துவும் நலமாக வாழவேண்டி அங்கே கட்டட வேலை செய்து கொடுத்தார். தன்னை அவர் "லாபான் ஊற்றின் தலைவர்" என்று சொல்லிக்கொள்கிறார். ஊற்றைப் பார்த்துக்கொள்வது ஒரு பதவி. அந்தப் பதவியில் இருந்தவர்தான் மழைத் தெய்வத்தின் கோயிலுக்குக் கை கொடுத்திருக்கிறார்.

பெட்ராவின் கஸ்ர் அல்-பின்த் என்ற கோயிலை இன்றும் உள்ளூர் பதூயின்கள் "பாரவோன் மகளின் அரண்மனை" என்கிறார்கள். யார் முதலில் தன் அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறாரோ அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அந்த இளவரசி சொன்னாளாம். கோயில் என்பது மறந்துவிட்டது, தண்ணீர் மறக்கவில்லை.

பெண்களுக்கு இந்த மதத்தில் என்ன இடம்?

அரசிகளின் முகம் மன்னரோடு நாணயத்தில் இருக்கிறது. ஹெக்ராவில், அதாவது இன்றைய சவூதியின் மதாயின் சாலிஹில், பெண்களே தங்கள் பெயரில் கல்லறை வெட்டிக்கொண்டார்கள். கம்கம் என்ற பெண்ணும் அவள் மகள் குலைபத்தும் கி.மு. 1 வாக்கில் வெட்டிய கல்லறையில், அதை விற்பவனையும் வாங்குபவனையும் அடகு வைப்பவனையும் துஷாராவும் லாத்தும் மனாத்தும் சபிக்கட்டும் என்று எழுதியிருக்கிறது. தெய்வத்துக்கும் பூசாரிக்கும் கட்ட வேண்டிய அபராதத் தொகை வரை குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பெட்ரா வீடுகளில் சிறு களிமண் பொம்மைகளும் கிடைக்கின்றன. அமர்ந்த நிலையில், வலது கையை உயர்த்திய ஆடையற்ற பெண். கோயிலுக்கு வெளியே, வீட்டுக்குள் நடந்த வேண்டுதலின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோயில்களில் பாலியல் சடங்கு, நரபலி நடந்ததாகச் சொல்கிறார்களே?

வளமைத் தெய்வம் என்றாலே இந்தக் கதையும் கூடவே வந்துவிடுகிறது. எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். பாபிலோனைப் பற்றி ஹெரோடோட்டஸ் சொன்ன கதையை எல்லா மேற்காசியக் கோயிலுக்கும் ஒட்டிவிட்டார்கள். நபாத்தியக் கல்வெட்டு எதுவும் அப்படி ஒரு சடங்கைச் சொல்லவில்லை. நரபலிக்கு எடுத்துக்காட்டாகத் தத்துவவாதி போர்ஃபிரி தரும் செய்தி வட அரேபியாவின் தூமா என்ற ஊரின் அரேபியரைப் பற்றியது. அது பெட்ராவுக்கு வெகு தொலைவு. தன்னூர்க் குழிகள் காட்டுவது ஆடு, மாடு, தானியம்.

துஷாராவுக்குப் பிறந்தநாள் விழா இருந்ததா?

4ஆம் நூற்றாண்டுப் பேராயர் எபிபானியஸ் அப்படித்தான் எழுதுகிறார். ஜனவரி 5 இரவில் பெட்ராவில் மக்கள் கூடி, கன்னித் தாய் ஒருத்தியை அரபு மொழியில் பாடிப் போற்றி, அவள் பெற்ற துஷாராவின் பிறப்பைக் கொண்டாடினார்கள் என்கிறார். தாயின் பெயரை அவர் "கஅபு" போல ஒலிக்கும் சொல்லால் தருகிறார். அது கனசதுரக் கல்லைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம், அவர் குழப்பிக்கொண்டார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எதிராளியின் மதத்தைக் கண்டிக்க எழுதியவர் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அவ்வளவு பிந்திய காலத்திலும் பெட்ராவில் அரபுப் பாட்டோடு துஷாராவைக் கும்பிட்டார்கள் என்ற செய்தி மதிப்புள்ளது.

பிறகு இந்த வழிபாடு என்ன ஆனது?

363 மே மாத நிலநடுக்கம் பெட்ராவை உலுக்கியது. சிறகுச் சிங்கக் கோயில் விழுந்தது. தன்னூரும் அதே நிலநடுக்கத்தில் இடிந்ததாகக் கருதப்படுகிறது. கிறிஸ்தவம் ஏற்கெனவே வந்துவிட்டதால் அவற்றை எடுத்துக் கட்ட ஆளில்லை. 446இல் பெட்ராவின் பெரிய பாறைக் கல்லறை ஒன்று தேவாலயமாக மாற்றப்பட்டது.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

பெட்ரா நுழைவாயிலில் 2019இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. இலை முகத்தாள் அம்மானில். மழைக் கடவுள் அமெரிக்காவின் சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில், ஏனென்றால் 1937இல் கிடைத்தவற்றை இரு தரப்பும் பிரித்துக்கொண்டன. அந்தப் பங்கீட்டில் ராசி வட்டச் சிற்பமும் சிக்கிக்கொண்டது: ஒரு துண்டு அம்மானில், மறு துண்டு சின்சினாட்டியில். கோயில் இருந்த மலைக்கு இன்றும் போகலாம். நல்ல செருப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். உச்சியில் அடித்தளக் கற்களும், கீழே பள்ளத்தாக்கில் மழை பெய்த ஆண்டுகளில் பச்சையாகத் தெரியும் வயல்களும் இருக்கும்.